வீட்டு மின்பெட்டியில் நெரிசல்



வீட்டில் நாம் நாள்தோறும் கூட்டித் துடைக்கும் இடங்கள் பல. வாசல், கூடம், சமையலறை, சாமி அறை என்று வரிசையாகச் சொல்லலாம். தீபாவளி நெருங்கினால் அலமாரியின் மேல்தட்டுகூடச் சுத்தமாகிவிடும். ஆனால், குடிவந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நாம் நின்று பார்க்காத இடம் ஒன்று உண்டு. வாசற்கதவுக்குப் பக்கத்தில், தலைக்கு மேலே, சுவரில் மாட்டியிருக்கும் மின்பெட்டிதான் அது. மெயின் சுவிட்சு என்பார் சிலர். ஃபியூஸ் பெட்டி என்பார் சிலர். தொழில் தெரிந்தவர்கள் டி.பி. என்பார்கள். பெயர் எதுவானாலும், வீட்டிலுள்ள அத்தனை விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் பிரிந்து செல்லும் இடம் அது.

அந்தப் பெட்டிக்குள் கம்பிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தால் என்ன நேரும்? அதைச் சீர்செய்வது எப்படி? அதில் நாம் செய்யக்கூடியது எவ்வளவு, தொழில் தெரிந்தவரிடம் விட வேண்டியது எவ்வளவு? இவற்றைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

மின்சாரம் நமது தொழில் அன்று. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு, கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அறிவியலும் கணிதமும் சொல்லிக்கொடுப்பதே நம் வேலை. இருந்தும் இதைப் பேசத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. அது எங்கள் வீட்டிலேயே நடந்த ஒரு காரியம். அதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறோம்.

நம் வட்டாரத்துக்கும் மின்சாரத்துக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. அதிகத் தொலைவில் இல்லாத ரவாங்கில், 1894ஆம் ஆண்டில், ஈயச் சுரங்கத்தின் தேவைக்காக லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் மின் உற்பத்தி இயந்திரத்தை நிறுவினார்கள். தீபகற்பத்தில் மின்சாரம் பயன்பட்டதாகப் பதிவான முதல் நிகழ்ச்சி அதுவே. அதில் ஒரு தமிழருக்கும் பங்கு இருந்தது நமக்குப் பெருமைதான். ஆனால், ரவாங்கில் எரிந்த விளக்கு தோட்டத்து லயத்துக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவை அடுத்துள்ள தெனாமாரம் தோட்டம், 1917இல் இந்நாட்டில் வாணிப முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்ட தோட்டம். அப்படிப் பேர்பெற்ற தோட்டங்கள் உள்ள இந்த வட்டாரத்திலும், லயத்துப் பிள்ளைகள் பலர் மண்ணெண்ணெய் விளக்கில்தான் படித்தார்கள்.

நாம் சிறுவராக இருந்த 1980களில், எங்கள் தோட்டத்துக்கு ஆலையின் இஞ்சினிலிருந்து மின்சாரம் வந்தது. மாலை 6 மணிக்கு வரும். இரவு 10 மணிக்குப் போய்விடும். வீட்டுக்கு இரண்டு விளக்கு. வசதியுள்ள வீட்டில் ஒரு தொலைக்காட்சி. சுவரில் பீங்கான் ஃபியூஸ் ஒன்றோ இரண்டோ இருக்கும். பண்டிகை நாளில் வண்ண விளக்குகளைச் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் கம்பி அறுந்துபோகும். மூன்றாம் முறை அறுந்தபோது எங்கள் அப்பா என்ன செய்தார் தெரியுமா? பழைய ஒயரிலிருந்து தடித்த செம்புக் கம்பி ஒன்றை உருவி, ஃபியூசில் முறுக்கி வைத்துவிட்டார். அதன் பிறகு ஃபியூஸ் அறுந்ததே இல்லை. “அப்பா கெட்டிக்காரர்” என்று வீடே மெச்சியது. அறுந்துபோவதுதான் ஃபியூசின் வேலை, அறாத ஃபியூஸ் காவலுக்குப் படுத்துத் தூங்குகிற நாய் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

பின்னர் பொது மின்சாரம் வந்தது. 1949இல் மத்திய மின்சார வாரியமாகத் தொடங்கி, 1965இல் லெம்பாகா லெத்ரிக் நெகாரா என்று பெயர் பெற்று, 1990இல் தெனாகா நேஷனல் ஆன நிறுவனத்தின் கம்பிகள் தோட்டங்களுக்குள்ளும் நுழைந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் போன்ற இடங்களில் தாமான் வீடுகளுக்குக் குடிபோயின. அந்த வீடுகளில் பல, நாலைந்து விளக்கு, இரண்டு விசிறி, ஒரு குளிர்பெட்டி, ஒரு தொலைக்காட்சி என்ற கணக்கில் கம்பி போடப்பட்டவை. இன்றைக்கு அதே வீட்டில் குளிர்சாதனம் இருக்கிறது. வெந்நீர்க் கருவி இருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரம், சோற்றுப் பானை, மின் அடுப்பு, கேத்தல், தண்ணீர் பம்பு எல்லாம் இருக்கின்றன. வீடு வளர்ந்தது, சமையலறையைப் பின்னால் இழுத்துக் கட்டினோம், வாசலில் கார் நிறுத்தக் கூரை போட்டோம். பெட்டி மட்டும் வளரவில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் வந்து, அதே பெட்டிக்குள் இன்னும் இரண்டு கம்பியை நுழைத்துவிட்டுப் போனார். நாம் தீபகற்பத்தின் முதல் மின்சாரத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். நம் தலைக்கு மேலிருக்கும் பெட்டியில் எத்தனை கம்பி என்று கேட்டால் விழிக்கிறோம்.

எங்கள் வீடும் அப்படித்தான். ஆறு வழிகளுக்கான பெட்டியில் ஒன்பது வழிகள். கம்பிகள் நூல்கண்டுபோலச் சிக்கிக் கிடந்தன. சிவப்பு எது, கறுப்பு எது, எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டிருக்கும். அதன் வழியே பல்லி போய்வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலம். நம் வட்டாரத்தில் மாலை மழை என்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மழை பிடித்த சற்று நேரத்தில் பெட்டியிலுள்ள இ.எல்.சி.பி. ‘டக்’கென்று விழும், வீடு இருண்டுவிடும். தூக்கிவிட்டால் மறுபடி விழும். பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம். எரிச்சலோடு, தெரிந்த பையன் ஒருவனை அழைத்தோம். அவன் திறந்து பார்த்துவிட்டு, “இது பழசு சார், சும்மா சும்மா விழும். இத விட்டுட்டு நேரா லைன் கொடுத்துடுறேன். இனிமே விழவே விழாது” என்றான். நாம் சரி என்றோம். அறிவியல் ஆசிரியர், மின்சுற்று பற்றிக் கரும்பலகையில் படம் போடுகிறவர், சரி என்றோம். அவன் அந்தக் காவற்கருவியைத் தாண்டிக் கம்பியை நேராக இணைத்தான். பிதுங்கி வந்த கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி, மூடியை இறுக்கித் திருகாணியைப் பூட்டினான். பார்வைக்குப் பெட்டி முன்னைவிட ஒழுங்காக இருந்தது. மூடி அன்றுதான் சரியாகப் பொருந்தியது.

மூன்று வாரம் விளக்கு அணையவே இல்லை. நாலாவது வாரம் ஒரு சனிக்கிழமை காலை, பதினொரு வயது மகள் துவைத்த துணியை எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள். ஈரத் தரை, வெறுங்கால். இயந்திரத்தின் விளிம்பைத் தொட்டவள் அலறினாள். பிறகு குரல் வரவில்லை. கை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய தாயார் ஓடிவந்தவர், பிள்ளையைத் தொடாமல் முதலில் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார். அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று இன்றும் நாம் வியக்கிறோம். பிள்ளை கீழே விழுந்தாள். மருத்துவமனையில் ஓர் இரவு வைத்து இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். பிழைத்துக்கொண்டாள். அவள் உள்ளங்கையில் மிளகளவு தழும்பு ஒன்று இருக்கிறது. நாம் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கையை மூடிக்கொள்வாள். நமக்கு வருத்தம் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள், பதிவு பெற்ற ஒயர்மேன் ஒருவரைத் தேடி அழைத்து வந்தோம். வயதில் மூத்தவர். மூடியைக் கழற்றி, கைவிளக்கை அடித்து நெடுநேரம் பார்த்தார். “சார், இங்க வாங்க. இந்தப் பச்சக் கம்பி தெரியுதா?” என்றார். எர்த் கட்டையிலிருந்து நழுவி, வாய் பிளந்து தொங்கியது ஒரு பச்சைக் கம்பி. துவைக்கும் இயந்திரத்துக்குப் போகிற எர்த் அதுதான். மூடியை அமுக்கியபோது இழுபட்டுக் கழன்றிருக்கிறது. இயந்திரத்துக்குள் எலி கடித்த ஒயர் ஒன்று இரும்புக் கூட்டில் உரசிக்கொண்டிருந்தது. எர்த் இருந்திருந்தால் அந்தக் கசிவு பூமிக்குப் போயிருக்கும். இ.எல்.சி.பி. இருந்திருந்தால் அந்தக் கணமே மின்சாரத்தை அறுத்திருக்கும். ஒன்றைத் தெரியாமல் கழற்றினோம். மற்றொன்றைத் தெரிந்தே கழற்றினோம்.

“மழையில விழுந்ததுக்குக் காரணம் என்ன அண்ணே?” என்று கேட்டோம். அவர் பின்பக்கம் போய், வெளிச்சுவரில் மாட்டியிருந்த விளக்கைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. அவ்வளவுதான். ஒரு விளக்கின் ரப்பர் வளையத்தை மாற்றினால் தீர்ந்துபோகும் குறைக்காக, வீட்டின் காவலையே கழற்றி எறிந்திருந்தோம்.

நேயர்களே, இந்த இடத்தில் பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம்.

தெருக் கம்பத்திலிருந்து வரும் மின்சாரம் முதலில் தெனாகாவின் ஃபியூசுக்கும் மீட்டருக்கும் வருகிறது. அதற்கு முத்திரை வைத்திருப்பார்கள். அது அவர்களுடைய பொருள். அதில் கை வைப்பது ஆபத்து மட்டுமன்று, குற்றமும்கூட. மீட்டரைத் தாண்டிய பிறகு இருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. அங்கே மெயின் சுவிட்சு, அடுத்து இ.எல்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. என்று எழுதிய காவற்கருவி, அதற்கடுத்து வரிசையாகச் சிறு சிறு எம்.சி.பி.கள். கூடவே இரண்டு உலோகக் கட்டைகள். ஒன்றில் திரும்பி வரும் கறுப்புக் கம்பிகள், அதாவது நியூட்ரல். மற்றொன்றில் பச்சை, அல்லது பச்சையும் மஞ்சளுமான எர்த் கம்பிகள். எர்த் கட்டையிலிருந்து ஒரு கம்பி வெளியே போய், மண்ணில் அடித்த செம்புத் தண்டோடு சேரும்.

இதில் எம்.சி.பி.யின் வேலை வேறு, இ.எல்.சி.பி.யின் வேலை வேறு. எம்.சி.பி. கம்பியைக் காக்கிறது, இ.எல்.சி.பி. மனிதரைக் காக்கிறது. 20 ஆம்பியர் எம்.சி.பி., 20 ஆம்பியருக்கு மேல் ஓடினால்தான் அசையும். மனித உயிருக்கோ 0.03 ஆம்பியரே ஆபத்து. அந்த அளவு மின்சாரம் உடம்பில் பாய்வதை எம்.சி.பி. அறியவே அறியாது. இ.எல்.சி.பி. என்ன செய்கிறது? போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று ஓயாமல் ஒப்பிடுகிறது. கடைக்கு 10 வெள்ளி கொடுத்தனுப்பிய பிள்ளை சாமானும் மீதியும் சேர்த்துச் சரியான கணக்குக் காட்டுகிறதா என்று தாய் பார்ப்பதில்லையா, அதுபோல. கணக்கில் சிறிது குறைந்தாலும், அது வேறு வழியில் கசிகிறது என்று தெரிந்து, கண்ணிமைப்பதற்குள் வாசலை அடைத்துவிடுகிறது.

1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள் இதற்கு அளவு சொல்கின்றன. கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகள் உள்ள இடத்துக்கு 30 மில்லி ஆம்பியர். தரை ஈரமாகக்கூடிய இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர். இவற்றுக்கு மேற்படாத அளவில் காவற்கருவி இருக்க வேண்டும். பழைய வீடுகளில் வீடு முழுவதற்கும் 100 மில்லி ஆம்பியர் கருவி ஒன்று மட்டுமே இருப்பதுண்டு. அதன் முகப்பில் 0.1 என்று போட்டிருக்கும். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால், பிளக்கு வழிகளுக்கும் வெந்நீர்க் கருவிக்கும் தனிக் காவல் வைப்பதைப் பற்றி ஒயர்மேனிடம் கேளுங்கள்.

இனி, நெரிசல் ஏன் கெடுதல் என்று பார்ப்போம்.

கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடு பிறக்கும். ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். ஒற்றைக் கம்பி தன் சூட்டைக் காற்றில் விட்டுவிடும். பத்துக் கம்பிகளைக் கற்றையாகக் கட்டி, காற்றில்லாத பெட்டியில் அடைத்தால், நடுவிலுள்ள கம்பி சூட்டை எங்கே விடும்? திருவிழா நாளில் நெருக்கமான பேருந்துக்குள் நடுவில் நிற்பவரைக் கேளுங்கள், சொல்வார். வீட்டுக் கம்பியின் மேலுறை சாதாரண பி.வி.சி. அது 70 பாகை செல்சியஸ் வரை தாங்கும்படி செய்யப்பட்டது. அதற்கு மேல் நெடுநாள் காய்ந்தால் மொரமொரவென்று ஆகி வெடித்துப்போகும்.

இதைவிட மோசமானது தளர்ந்த இணைப்பு. ஒரு திருகாணிக்குக் கீழே இரண்டு மூன்று கம்பிகளைச் செருகினால், ஒன்று இறுகும், ஒன்று இறுகாது. இறுகாத இடத்தில் அரை ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 50 வாட் சூடு பிறக்கும். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சூட்டுக்கோலின் அளவு அது. அந்தச் சூடு, ஆணித்தலை அளவுள்ள ஓரிடத்தில், பிளாஸ்டிக் பெட்டிக்குள், மணிக்கணக்கில் எரிந்துகொண்டிருக்கிறது. வீட்டார் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஃபியூசோ எம்.சி.பி.யோ இதைத் தடுக்காது. ஏனென்றால் 10 ஆம்பியர் என்பது அவற்றின் கணக்கில் முறையான ஓட்டம்தான்.

பளுவின் கணக்கும் நமக்குத் தெரிய வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையும் போடக்கூடிய வகுத்தல்தான் இது. கருவியின் அடியில் எழுதியுள்ள வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். நம் நாட்டில் முன்பு 240 வோல்ட் என்று குறித்ததை 2008 முதல் 230 என்று குறிக்கிறார்கள். 2,000 வாட் கேத்தலுக்கு 8.7 ஆம்பியர். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 4.3 ஆம்பியர். இரண்டையும் கூட்டுங்கள், 13 ஆம்பியர். ஒரே நீட்டு ஒயரில் இந்த இரண்டை மாட்டினாலே அதன் எல்லை முடிந்துபோகிறது. அதில் சோற்றுப் பானையையும் சேர்த்து மாட்டுகிற வீடுகள் எத்தனை!

சரி, பெட்டியைச் சீர்செய்வது எப்படி? எங்கள் வீட்டில் அந்தப் பெரியவர் ஒரு பகல் முழுதும் வேலை செய்தார். பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறோம். நீங்களே செய்து பார்ப்பதற்காகச் சொல்லவில்லை; வருகிறவர் முறையாகச் செய்கிறாரா என்று நீங்கள் பார்த்துக்கொள்வதற்காகச் சொல்கிறோம்.

முதலில் மின்சாரத்தை நிறுத்தினார். நிறுத்திய பிறகும் சோதனைக் கருவியை வைத்துப் பார்த்தார். “மெயின அடச்சாலும் மீட்டர்ல இருந்து வர்ற கம்பியில கரண்டு இருக்கும் சார். ரொம்பப் பேரு இங்கதான் ஏமாந்து போறாங்க” என்றார். நேயர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மெயினை அடைத்துவிட்டோம் என்று நம்பி மூடியைக் கழற்றக் கூடாது.

அடுத்து, உள்ளே இருந்ததை அப்படியே படம் பிடித்துக்கொண்டார். எதையும் வெட்டுவதற்கு முன், ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது என்று தேடி, நுனியில் எண் எழுதிய சிறு பட்டை சுற்றினார். அரை நாள் இதற்கே ஆனது. ஒழுங்கு என்பது அடுக்குவதில் இல்லை, அறிவதில் இருக்கிறது என்பதை அன்று கண்டோம். தேடியதில் மூன்று கம்பிகள் எங்கும் போகவில்லை. எப்போதோ கழற்றிப்போட்ட பழைய பம்புக்கும் வாசல் மணிக்கும் உரியவை அவை. ஆண்டுக்கணக்காக அவை இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்திருக்கின்றன.

பிறகு, அதே பெட்டிக்குள் மறுபடி திணிக்காமல், பதினான்கு வழிகள் உள்ள பெட்டியை மாட்டினார். “இன்னைக்கு ஒம்போது போதும். நாளைக்கு நீங்க ஏர்கோன் போடுவீங்க. அப்ப வர்றவன் எங்க நுழைப்பான்?” என்று கேட்டார். ஒரு வழிக்கு ஒரு எம்.சி.பி. என்று பிரித்தார். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, பிளக்குக்கு 2.5, வெந்நீர்க் கருவிக்கு 4 என்று பார்த்து, கம்பியின் பருமனுக்குத் தக்க எம்.சி.பி.யை வைத்தார். அடிக்கடி விழுகிறது என்பதற்காகப் பெரிய எம்.சி.பி. போடுவது, எங்கள் அப்பா செம்புக் கம்பி முறுக்கியதற்குச் சமம்.

எம்.சி.பி.கள் எந்த வரிசையில் இருந்தனவோ, அதே வரிசையில் கறுப்புக் கம்பிகளையும் பச்சைக் கம்பிகளையும் அந்தந்தக் கட்டையில் பொருத்தினார். மூன்றாம் எம்.சி.பி.யைப் பார்த்தால் மூன்றாம் நியூட்ரல், மூன்றாம் எர்த் என்று கண் தானே போகும். கம்பிகளைப் பெட்டியின் ஓரத்தோடு வளைத்து விட்டார். மிகவும் குட்டையாக வெட்டவில்லை; பின்னாளில் ஒரு முறை நுனி சீவிப் பொருத்துவதற்கு இடம் வைத்தார். கற்றையாக இறுக்கிக் கட்டவும் இல்லை. ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கி, கம்பியை மெல்ல இழுத்துப் பார்த்தார். உள்ளே ஒட்டுநாடா சுற்றிய இணைப்பு ஒன்றுகூட இல்லாமல் செய்தார். வெறுமையான துளைகளுக்கு அடைப்பு வைத்தார். பல்லிக்கும் எறும்புக்கும் வழி அடைந்தது. கடைசியாக மெகர் கருவியால் கம்பிகளின் காப்பைச் சோதித்து, எர்த்தைச் சோதித்து, புதிய காவற்கருவியின் பொத்தானை அழுத்தி விழவைத்துக் காட்டினார். மூடியை வைத்தார். அமுக்காமலே அது பொருந்தியது.

இந்த வேலைக்கு எரிசக்தி ஆணையமாகிய சுருஹன்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்றவரையே அழைக்க வேண்டும். “பதிவு அட்டை இருக்கிறதா அண்ணே?” என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல தொழிலாளி பெருமையோடு எடுத்துக் காட்டுவார். வேலை முடிந்தபின் நிறைவுச் சான்றிதழும் சோதனைச் சான்றிதழும் கேட்டு வாங்கி வையுங்கள். வாங்கும் பிளக்கு, நீட்டு ஒயர் ஆகியவற்றில் சிரிம் முத்திரை உண்டா என்று பாருங்கள்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது. மூடியைத் திறக்காமலே செய்யக்கூடியவை அவை.

முதலாவது, வீட்டு மின்பட்டியல். வீட்டில் பெரியவர் ஒருவர் எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக அணைக்கட்டும். பிள்ளை ஒன்று அறை அறையாகப் போய், எந்த விளக்கு அணைந்தது, எந்தப் பிளக்கு வேலை செய்யவில்லை என்று எழுதி வரட்டும். தெளிவாக ஒரு தாளில் எழுதி, பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். தமிழிலும் மலாயிலும் எழுதினால் பழுதுபார்க்க வருகிறவருக்கும் உதவும். நம் வகுப்பில் பிள்ளைகளுக்கு இதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தோம். பெரும்பாலோர் முதல் நாள் வெறுந்தாளோடுதான் வந்தார்கள். “அப்பாவுக்கும் தெரியல சார்” என்றார்கள். மறுவாரம் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து எழுதிய பட்டியல்கள் வந்தன. ஒரு பட்டியலில் ஓர் எம்.சி.பி.க்கு எதிரே இப்படி எழுதியிருந்தது: “இதை அணைத்தால் பக்கத்து வீட்டு விளக்கு அணைகிறது.” சிரிக்கக்கூடிய செய்தியன்று அது. இரண்டு வீட்டாரும் ஒயர்மேனை அழைத்துப் பிரித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, மாதம் ஒரு முறை இ.எல்.சி.பி.யிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழுந்தால் நல்லது. விழாவிட்டால் அன்றே ஆளை அழையுங்கள். அடிக்கடி தானாக விழுந்தால் அதைத் திட்டாதீர்கள். எல்லா எம்.சி.பி.களையும் அணைத்துவிட்டு, அதைத் தூக்கி, எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ, அந்த வழியில் குறை இருக்கலாம். அதை மட்டும் அணைத்து வைத்துவிட்டு ஒயர்மேனுக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது, அடையாளங்களைக் கவனியுங்கள். பெட்டியருகே கருகிய வாடை, மூடியில் சூடு, வண்டு இரைவதுபோன்ற ஓசை, பழுப்பேறிய பிளக்கு, வெந்நீர்க் கருவியைப் போட்டால் விளக்கு மங்குவது, குளிர்பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுப்பது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மெயினை அணைத்துவிட்டு ஆளை அழைக்க வேண்டும். கோளாறு மீட்டருக்கு அப்பால், தெருக் கம்பியில் என்றால், தெனாகாவின் 15454 எண்ணுக்குச் சொல்லலாம்.

நான்காவது, யாரையாவது மின்சாரம் தாக்கினால், தொடாமல் முதலில் சுவிட்சையோ மெயினையோ அணையுங்கள். பிறகுதான் ஆளைத் தொட வேண்டும். உடனே 999க்குச் சொல்லுங்கள். மின்பெட்டியில் தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெளியே வந்துவிடுங்கள்.

தோட்டத்து வீடுகளில் குடியிருப்போர், “இது நம் வீடா? நிர்வாகத்தின் வீடுதானே” என்று எண்ணலாம். அது உண்மைதான். ஆகவேதான் சொல்ல வேண்டியவரிடம் சொல்ல வேண்டும். தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், மின்சார வசதி செய்வதையும் வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பதையும் முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. வாயால் சொன்ன புகார் பெரட்டுக் களத்தோடு கலைந்துபோகும். எந்த வரிசை, எந்த வீடு, என்ன குறை என்று பட்டியலிட்டு எழுதிக் கொடுத்து, ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வீட்டார் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. எழுதத் தயக்கமாக இருந்தால் பள்ளிக்கு வாருங்கள். ஆசிரியர்கள் எழுதித் தருவோம்.

கோல சிலாங்கூருக்கு வரும் வெளியூர்க்காரர்கள், கம்போங் குவாந்தானில் படகேறி, ஆற்றங்கரை மரங்களில் மின்மினிப் பூச்சிகளைக் கண்டு வியக்கிறார்கள். மின்மினியின் ஒளியில் சூடு இல்லை. அதனால் ஆயிரக்கணக்கில் ஒரே மரத்தில் அடைந்தாலும் மரம் கருகுவதில்லை. நம் வீட்டு மின்சாரம் அப்படிப்பட்டதன்று. அது சூட்டோடு வருவது. அதற்கு இடம் வேண்டும், வழி வேண்டும், காவல் வேண்டும்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, மூடியைக் கழற்றாமல், அந்தப் பெட்டியை ஐந்து நிமிடம் பாருங்கள். மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா, காவற்கருவி இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தான் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மூடி பிதுங்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து அதை அமுக்கி மூடாதீர்கள். நாம் ஒரு முறை அப்படி மூடினோம்.